நூராத லைட்



நீளமான பதிவு. கார் வைத்திருப்பவர்களும், வாங்க விற்க ஓடித் திரிபவர்களும் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் காரை 2021 இல் வாங்கினோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களின் விலை ஏறிக்கொண்டே போன காலம் அது. 2014 ஆம் ஆண்டு ஜப்பான் கார். வீட்டில் இரண்டு பேருமே ஆசிரியர்கள். சேமித்தது, நகை வைத்தது, கைமாற்று வாங்கியது எல்லாம் சேர்த்துத்தான் எடுத்தோம். விற்றவர் ஜப்பான் ஒக்ஷன் ஷீட்டைக் காட்டினார், நல்ல கிரேட். திறப்பைத் திருகினால் டாஷ்போட்டில் எல்லா லைட்டும் எரிந்து, ஒவ்வொன்றாக நூந்து போனது. திருப்திப்பட்டு பிஸ்மில்லாஹ் சொல்லி எடுத்து வந்தோம்.

போன மாரி மழையோடு ஒரு சிவப்பு லைட் வரத் தொடங்கியது. பெல்ட் கட்டிய ஒரு மனிதர், அவருக்கு முன்னால் ஒரு பந்து. எயார் பேக் லைட். மழை நாளில் எரியும், இரண்டு நாள் வெயில் அடித்தால் நூந்துவிடும். கார் ஓடுகிறது, பிரேக் பிடிக்கிறது, ஏசி குளிர்கிறது. எட்டு மாதம் அப்படியே ஓடினோம். உம்மாவின் கிளினிக்குக்கு மாதம் ஒரு தடவை அம்பாறை, மகியங்கனை, பதினெட்டு வளைவு ஏறிக் கண்டிக்குப் போய் வந்ததும் அந்த லைட்டோடுதான். உம்மாவுக்குப் பின் சீட்டில் இருந்தால் வாந்தி வரும். எப்போதும் முன் சீட்தான். மடியில் சின்ன மகள்.

கராஜுக்குப் போனது எப்போது தெரியுமா? காரை விற்க முடிவெடுத்த பிறகு. புதிதாகக் கலியாணம் முடித்த ஒரு தம்பி வந்து பார்த்து, விலை பேசி, அட்வான்சும் தந்துவிட்டார். அவர் எடுக்க வரும்போது லைட் எரிந்தால் விலையைக் குறைப்பாரே என்றுதான் ஓடினோம். எட்டு மாதம் உம்மாவுக்காகவும் பிள்ளைக்காகவும் போகாத இடத்துக்கு விலைக்காகப் போனோம். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

முதல் கராஜில் ஸ்கேனரைக் குத்திப் பார்த்தார்கள். ஓட்டுபவர் பக்க எயார் பேக்கின் மின்சுற்றில் தடை அதிகம் என்று கோட் வந்தது. அழித்தார்கள், மறுநாள் திரும்பி வந்தது. "மொட்யூல் அடிச்சிட்டு, மாத்தணும்" என்றார் பாஸ். மொட்யூல் என்பது இரண்டு முன் சீட்டுக்கும் நடுவில், கியர் கன்சோலுக்கு அடியில் தரையோடு இறுக்கியிருக்கும் உள்ளங்கை அளவு பெட்டி. எயார் பேக்கின் மூளை. பஞ்சிகாவத்தையில் சொல்லி பஸ்ஸில் ஒரு பழைய பெட்டியை எடுப்பித்தோம். பூட்டினார்கள். முன்பு மழைக்கு எரிந்த லைட் இப்போது வெயிலுக்கும் எரிந்தது. நூரவே இல்லை.

பாஸ் தலையைச் சொறிந்துவிட்டு வேறு வழி சொன்னார். "அந்த லைட்ட வெட்டி, மற்ற லைட்டோட சேர்த்து உடுவம் சேர். சேர்ந்து எரியும், சேர்ந்து நூரும். ஒருத்தனுக்கும் தெரியாது."

வேண்டாம் என்று அப்போதே சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்றுதான் வந்தோம்.

அன்றிரவு நினைவுக்கு வந்தவர் எங்களிடம் படித்த ஒரு தம்பி. கட்டாரில் ஆறு வருடம் வாகன இலத்திரனியல் வேலை செய்துவிட்டு வந்து, வீட்டு முற்றத்திலேயே சின்னதாக ஒரு இடம் போட்டிருக்கிறார். ஓஎல்லில் விஞ்ஞானத்துக்குச் சாதாரண சித்திதான். இப்போது அவர் சொல்லித்தர, எங்களில் விஞ்ஞானம் படிப்பிப்பவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்க வேண்டியிருந்தது.

முதலில் பஞ்சிகாவத்தைப் பெட்டியைக் கணினியில் போட்டு வாசித்தார். "சேர், இது மோதின கார்ல கழட்டின பெட்டி" என்றார். மோதி எயார் பேக் வெடித்தால் அந்தச் செய்தியைப் பெட்டி தன் நினைவகத்தில் எழுதிப் பூட்டிவிடுமாம். சாதாரண ஸ்கேனரால் அதை அழிக்க முடியாது. எந்தக் காரில் பூட்டினாலும் லைட் எரிந்துகொண்டேதான் இருக்கும். உள்ளே இருக்கும் எட்டுக்கால் சிப்பைத் திருத்தி எழுதினால்தான் அது மறக்கும். பலர் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் எயார் பேக் வெடித்த பிறகு பெட்டியையே மாற்றச் சொல்லித்தான் கார்க் கம்பனிகள் சொல்கின்றன.

பிறகு எங்கள் காரின் சொந்தப் பெட்டியைக் கையில் எடுத்தார். ஸ்குரூ தலைகளைப் பார்த்தார். மூடியைத் திறந்தார். அந்த எட்டுக்கால் சிப்பைச் சுற்றி ஈயம் புதிதாக மினுங்கிக்கொண்டிருந்தது, பக்கத்தில் மஞ்சள் பசை காய்ந்திருந்தது. கொஞ்ச நேரம் பேசவில்லை. "சேர், இந்தக் கார் எப்பயாச்சும் மோதிருக்கா?"

இல்லை என்றோம். எங்கள் கையில் மோதவில்லை.

பெட்டரியின் மறை முனையைக் கழற்றிவிட்டு ஐந்து நிமிடம் சும்மா இருக்கச் சொன்னார். ஏன் என்று கேட்டோம். மோதும்போது பெட்டரியே நொறுங்கிப் போனாலும் எயார் பேக் வெடிக்க வேண்டும் என்பதற்காகப் பெட்டிக்குள் கொள்ளளவிகள் மின்னைச் சேர்த்து வைத்திருக்கும். அது வடியாமல் மஞ்சள் கனெக்டரில் கை வைக்கக் கூடாது. எயார் பேக்கின் வயரெல்லாம் மஞ்சளாக இருப்பது அழகுக்கு இல்லை. மற்ற வயரைப் போல மல்டிமீற்றரை வைத்து அதன் தடையை அளக்கவும் கூடாது. மருந்தைப் பற்ற வைக்க ஒரு அம்பியரைக் கொஞ்சம் தாண்டிய மின்னோட்டம் 2 மில்லி செக்கன் பாய்ந்தாலே போதும். மீற்றரை நம்பி முகத்துக்கு முன்னால் அதைச் செய்ய யாரும் துணியக் கூடாது.

எங்கள் பெட்டியைத் திரும்பப் பூட்டினார். ஸ்டியரிங் தண்டுக்குக் கீழே உள்ள மஞ்சள் கனெக்டரைக் கழற்றி, அந்த இடத்தில் தன்னிடமிருந்த ஒரு சின்னத் தடையியைச் செருகினார். 2 ஓம். எயார் பேக்கின் திரி ஏறக்குறைய 2 ஓம் தடை உள்ளதாம். பெட்டி எப்போதும் மிகச் சிறிய மின்னோட்டத்தை அனுப்பி அந்த 2 ஓம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். இருந்தால் லைட் நூரும், கூடினால் குறைந்தால் எரியும். பெட்டரியைக் கொடுத்து, திறப்பைத் திருகி, கோட்டை அழித்தார். ஆறேழு செக்கனில் லைட் நூந்தது. பிறகு வரவே இல்லை.

"பெட்டி சுகம். பழுது அங்கால" என்று ஸ்டியரிங்கைக் காட்டினார்.

மீண்டும் பெட்டரியைக் கழற்றி, காத்திருந்து, ஹோர்ன் அடிக்கும் நடு மூடியைக் கழற்றினார். கழற்றியதை எயார் பேக் போல முகத்துக்கு அப்பால் பிடித்தவர், பாரத்தை உணர்ந்ததும் அப்படியே எங்கள் பக்கம் திருப்பினார்.

உள்ளே எயார் பேக் இல்லை.

ஒரு துண்டு ஸ்பொஞ். மஞ்சள் கனெக்டரின் இரண்டு வயருக்கும் நடுவில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு தடையி. டேப்பை உரித்தால் சொல்டர் வைத்த இடம் பச்சை பூத்திருந்தது. எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை அரைக் கிலோமீற்றர் கூட இல்லை. உப்புக் காற்றும் மாரி ஈரமும் அந்த மூட்டை அரித்து, தடை கூடி, அதனால்தான் மழைக்கு லைட் எரிந்திருக்கிறது. பழுதென்று நாங்கள் வைத காரில் ஒழுங்காக வேலை செய்தது அந்தப் பெட்டி மட்டும்தான்.

வருடக்கணக்காக ஓமின் விதியைப் பலகையில் எழுதிப் படிப்பித்திருக்கிறோம். பத்து ரூபாய்த் தடையி ஒன்று நாலு வருடம் எங்களை ஏமாற்றியிருக்கிறது.

தம்பி அதோடு நிற்கவில்லை. சாமான் பெட்டியைக் கழற்றி, போன் வெளிச்சத்தில் டாஷ்போட்டுக்கு உள்ளே பார்க்கச் சொன்னார். வெடித்து முடிந்த உருளை அப்படியே பூட்டியிருந்தது. அதிலிருந்து வந்த துணிப்பையைக் கத்தியால் அறுத்து எடுத்திருக்கிறார்கள், ஓரத்தில் பிசிறு தொங்கியது. அங்கேயும் ஒரு தடையி. மேலே டாஷ்போட்டின் கிழிசலை நிரப்பி, உரசி, நிறமடித்திருந்தார்கள். தடவினால் மட்டும் அந்த இடம் கொஞ்சம் வழுவழுப்பு.

அது உம்மா இருக்கும் பக்கம். மடியில் பிள்ளையோடு.

பெல்ட்டுகளைப் பார்த்தார். அடியில் தைத்திருந்த லேபிளில் 2012 என்று இருந்தது. கார் 2014. மோதியபோது அதுவும் இறுகிப் போயிருக்கும், வேறு காரின் பெல்ட்டை மாற்றியிருக்கிறார்கள். நல்ல வேளையாக அது ஒழுங்காக வேலை செய்தது. எயார் பேக் என்பது பெல்ட்டுக்குத் துணைதான். எஸ்ஆர்எஸ் என்ற பெயரின் முதல் எழுத்தின் பொருளே அதுதான் என்று தம்பி சொன்னார். கண்ணிமை மூடித் திறக்க முன் நிரம்பி முடிந்துவிடும் பை அது. பெல்ட் கட்டாமல் முன்னுக்குச் சரிந்து போகிறவரையும் மடியில் இருக்கும் பிள்ளையையும் அது காப்பாற்றாது, அடிக்கும். அப்படியென்றால் எங்கள் காரில் எயார் பேக் இருந்திருந்தாலும் மகளை நாங்கள் வைத்திருந்த இடம் பிழை. அவள் அன்றிலிருந்து பின் சீட்டில், பெல்ட்டோடு.

காரை விற்றவருக்குப் போன் எடுத்தோம். சண்டை பிடிக்கவில்லை, கேட்டோம். தானும் வேறொருவரிடம் வாங்கியதுதான் என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "நீங்க எடுக்கக்குள்ள லைட் நூந்துதானே இருந்தது?"

ஆம், நூந்துதான் இருந்தது. அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பதை அல்லாஹ்வே அறிவான்.

இனி எங்கள் முறை. அட்வான்ஸ் வாங்கியிருக்கிறோம், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அந்தத் தம்பி வருவார். புதிதாக ஒரு தடையியைச் சொல்டர் வைத்தால் ஐந்து நிமிட வேலை. லைட் நூரும், பேசிய விலை கிடைக்கும். எங்கள் பழைய மாணவரிடம் கேட்கவில்லை, ஆனால் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டார் போல. "செய்யலாம் சேர். ஆனா என்ட கையால நான் செய்ய மாட்டன்" என்றார். எங்களிடம் படித்த பிள்ளை சொல்லக் கேட்டுத் தலை குனிய வேண்டியதாயிற்று.

அன்றிரவு இருவரும் தூங்கவில்லை. ஒருவர் கடன் கணக்கைச் சொன்னார். மற்றவர் வகுப்பில் இஸ்லாம் பாடம் எடுப்பவர். மேலே காய்ந்த தானியத்தை வைத்து அடியில் நனைந்ததை மறைத்த வியாபாரியின் சம்பவத்தை ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்குச் சொல்கிறவர். அன்று அதைச் சொல்லவில்லை. "அந்தத் தம்பிட பொண்டாட்டி மாசமா இரிக்காம்" என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமையே அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு, மூடியைத் திறந்து காட்டி, அட்வான்சைத் திருப்பிக் கொடுத்தோம். நன்றி சொல்வார் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது. அவர் சொல்லவில்லை. இரண்டு வாரம் வேறு கார் பார்க்காமல் இருந்த கோபம் அவருக்கு, நியாயமான கோபம். ஆனால் வாசல் வரை போய்த் திரும்பி நின்று, "அப்ப மத்தக் கார்கள்ள இத எப்படிப் பாக்கிற சேர்?" என்று கேட்டார். இந்தப் பதிவே அவருக்குச் சொன்ன பதில்தான்.

திறப்பைத் திருகியதும் எயார் பேக் லைட் கட்டாயம் எரிய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கிறார்கள். எரிந்து, சில செக்கனில், எஞ்சின் ஸ்டார்ட் ஆகாவிட்டாலும் தானாக நூர வேண்டும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது இன்னொரு லைட்டோடு ஒன்றாகச் சேர்ந்து நூந்தால் இரண்டையும் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். ஆனால் எங்கள் கதை போல தடையி வைத்திருந்தால் லைட்டும் ஸ்கேனரும் எல்லாம் நல்லம் என்றுதான் சொல்லும். அதற்குக் கண்ணும் கையும்தான் வேண்டும். இடப்பக்க டாஷ்போட்டைத் தடவிப் பாருங்கள், சொரசொரப்பு ஒரே மாதிரி இருக்கிறதா என்று. ஸ்டியரிங் நடு மூடியின் நிறம் சுற்றியுள்ளதோடு ஒத்துப்போகிறதா? பெல்ட்டை முழுதாக இழுத்து அடியில் உள்ள லேபிளின் வருடத்தைக் காரின் வருடத்தோடு ஒப்பிடுங்கள். ஒக்ஷன் ஷீட்டில் ஆர் என்றோ ஆர்ஏ என்றோ கிரேட் இருந்தால் ஜப்பானிலேயே அடிபட்டுத் திருத்திய கார். நல்ல கிரேட் இருந்தால், ஜப்பானை விட்டு வரும்போது நல்ல கார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நம் ரோட்டில் நடந்ததை அந்தத் தாள் சொல்லாது. எல்லாவற்றையும் விட நல்லது, விவரம் தெரிந்த ஒருவரைக் கொண்டு மூடியைக் கழற்றிப் பார்ப்பது. விற்பவர் கழற்ற விடமாட்டேன் என்றால் அதுவே உங்களுக்குப் பதில்.

திருத்த வெளிக்கிட்டபோது இன்னொன்று தெரிந்தது. பழைய எயார் பேக்குகள் மலிவாகக் கிடைக்கின்றன. தம்பி வேண்டாம் என்றார். தகாட்டா என்ற ஜப்பான் கம்பனியின் விவகாரம் பலருக்கு நினைவிருக்கும். அவர்கள் பாவித்த அமோனியம் நைத்திரேற்று வருடக்கணக்கில் வெப்பமும் ஈரமும் பட்டுக் கெட்டு, பை விரியும்போது உலோக உருளையே சிதறி ஆட்களைக் குத்தியது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடி 70 இலட்சம் உருளைகளைத் திருப்பி அழைத்தார்கள், 2017 இல் கம்பனி வங்குரோத்தானது. எங்களைப் போலவே வெயிலும் ஈரமும் உள்ள மலேசியாவிலும் உயிர்கள் போயிருக்கின்றன. பழைய எயார் பேக் எந்தக் காரிலிருந்து வந்தது, அந்தக் காரைத் திருப்பி அழைத்தார்களா என்று கடைக்காரருக்கும் தெரியாது. உங்கள் சொந்தக் காருக்கு அப்படி அழைப்பு இருக்கிறதா என்பதை செசி நம்பரைக் கொண்டு கம்பனியின் இணையத்தளத்திலோ ஏஜென்டிடமோ பார்க்கலாம். பார்த்துவிடுங்கள்.

ஆகவே பெட்டியையும் இரண்டு எயார் பேக்கையும் செசி நம்பர் கொடுத்துப் புதிதாக ஓடர் செய்தோம். இரண்டு பேரின் ஒரு மாதச் சம்பளமும் சேர்ந்து போதவில்லை. பஞ்சிகாவத்தைப் பெட்டியைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. அது இப்போது பாடசாலை விஞ்ஞான அறையில் இருக்கிறது. அமர்முடுகலைப் படிப்பிக்கும்போது மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஆர்முடுகல் உணரியைக் காட்டுகிறோம். அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிய சாமான் ஒன்று, கார் குழியில் விழுந்ததா, மதிலில் மோதியதா என்று பிரித்தறிகிறது என்றால் பிள்ளைகள் நம்புகிறார்களில்லை.

ஏழு வாரத்தில் பெட்டியும் ஸ்டியரிங் எயார் பேக்கும் வந்தன. பெட்டியின் மேல் ஒரு அம்புக்குறி இருக்கிறது, அது காரின் முன்பக்கம் பார்க்க வேண்டும். அடியில் துரு, பெயின்ட் இல்லாமல் தரையோடு பொருந்தி இறுக வேண்டும். ஆடினால் அதன் கணக்கு பிழைத்துவிடும். தம்பி அதை இறுக்கிய விதத்தைப் பார்த்து நின்றோம். முதல் கராஜில் ஒரு ஸ்குரூவையே போட மறந்திருந்தார்கள்.

உம்மா பக்கத்து எயார் பேக் இன்னும் வரவில்லை. அந்தக் கனெக்டர் வெறுமனே தொங்குகிறது. அதனால் லைட் எரிகிறது. லைட் எரியும் வரைக்கும் ஓட்டுபவர் பக்கத்துப் பையையும் நம்ப வேண்டாம், மெதுவாக ஓடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். வரும் வரைக்கும் ஒரு தடையி போடட்டுமா என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். எரியட்டும் என்றோம்.

போன கிழமை கண்டிக்குப் போனோம். உம்மா பின் சீட்டில், தேசிக்காயை மணந்துகொண்டு, பதினெட்டு வளைவும் எங்களை ஏசிக்கொண்டே வந்தார். மகியங்கனை தாண்டும்போது முன்னுக்கு எட்டிப் பார்த்து, "இவ்வளவு காசக் கொட்டியும் அந்த லைட் நூரல்லியே மகன்?" என்றார்.

"வாற மாசம் உம்மா" என்றோம்.